விளையாடத் தெரிந்தால் போதுமா?

நமது நாட்டின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் காலத்துக்குக் காலம் ஒரு கணக்கை வெளியிட்டு வருகின்றது. மக்களுள் எத்தனை வீதத்தினர் கணினி எழுத்தறிவு பெற்றுள்ளனர் என்பது அக்கணக்கு. மேடைகளில் அந்த வீதத்தை எடுத்தோதி மகிழும் பெரியோர், அதனோடு தரப்பட்டுள்ள வரைவிலக்கணத்தையும் ஒருமுறை படித்துப் பார்ப்பார்களாக. 5 வயது முதல் 69 வயது வரையுள்ள ஒருவர் தாமாகவே ஒரு கணினியைப் பயன்படுத்த வல்லவராயின், அவர் கணினி எழுத்தறிவு பெற்றவர் என்கின்றது அது. உதாரணமும் உடன் தரப்பட்டுள்ளது: 5 வயதுக் குழந்தையொன்று கணினியில் விளையாட்டொன்றை ஆட வல்லதாயின், அக்குழந்தையும் எழுத்தறிவு பெற்றோர் கணக்கிலே சேர்க்கப்படும்!

வரம்பிலே நடந்தவனையெல்லாம் கமக்காரன் என்றும், வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தவனையெல்லாம் சம்மாட்டி என்றும் எழுதிக்கொள்ளும் கணக்கப்பிள்ளையை மன்னார் மக்கள் என்ன சொல்வார்கள்? கணக்கெடுப்போருக்கு ஏதோவோர் அளவுகோல் வேண்டும். அது அவர்கள் தொழில். அவர்களோடு நமக்கு வழக்கில்லை. அந்த அளவுகோலைக் கல்விக் கொள்கையின் இலட்சியமாகத் தூக்கிப் பிடிப்போருடனேயே நமது வழக்கு. பலகைக் கணினியொன்றைப் பிள்ளையின் கையிலே கொடுத்து, பிள்ளை அதைத் தட்டி விளையாடுவதைப் படம் பிடித்து, கிராமத்துக்கும் கணினிக் கல்வி வந்துவிட்டது என்று பறைசாற்றும் வழக்கம் நம்மிடையே வேரூன்றி வருகின்றது. இந்தக் கண்துடைப்பை இனியும் பொறுத்துக்கொண்டிருப்பது நம் பிள்ளைகளுக்கு நாமே செய்யும் துரோகமாகும்.

நறுவிலிக்குளத்தில் நடப்பது

மன்னார்ப் பெருநிலத்தின் கரையோரத்திலே, வங்காலைக்கும் அரிப்புக்கும் இடையே, நானாட்டான் பிரதேசத்தைச் சேர்ந்த ஊர் நறுவிலிக்குளம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். நறுவிலி மரத்தாலும் குளத்தாலும் பெயர் பெற்ற ஊர். அண்மையில் ஒரு காணி வழக்கின் பொருட்டு அங்கே சென்றிருந்த வேளை, ஒரு கமக்காரர் வீட்டில், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பலகைக் கணினியில் பத்து வயது மதிக்கத்தக்க சிறுமியொருத்தி செய்நிரல் புதிரொன்றைத் தீர்த்துக்கொண்டிருக்கக் கண்டேன். திரையிலே ஒரு சிறு உருவம். அதனை நடத்திச் சென்று, வழியிலுள்ள மணியை எடுக்கச் செய்தல் வேண்டும். சிறுமி ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகத் தொட்டு வரிசைப்படுத்தினாள், உருவம் நடந்தது, மணி கிட்டியது, அவள் முகம் மலர்ந்தது. "இந்தச் சொல்லுக்கு என்ன கருத்துப் பிள்ளை?" என்று கேட்டேன். "கருத்துத் தெரியாது மாமா. அதை அமத்தினால் அது நடக்கும்" என்றாள்.

அச்சிறுமியின் கூர்மையில் யாதொரு குறையும் இல்லை. பொருள் விளங்காத ஒரு மொழியிலே, குறிகளின் வடிவத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, ஏழெட்டுப் புதிர்களை அவள் தாண்டியிருந்தாள். ஒன்பதாவது புதிரில் நின்றுவிட்டாள். அங்கே வழிகாட்டும் விளக்கம் நீண்டது. படித்து விளங்கினாலன்றி மேலே செல்ல இயலாதது. அவளுடைய அறிவு தடைப்படவில்லை; மொழி தடைப்பட்டது. அன்றிரவே அப்பலகையிலே பாட்டும் படமும் பார்க்கத் தொடங்கியிருப்பாள். அவற்றுக்கு விளக்கம் வேண்டுவதில்லையன்றோ! நறுவிலிப் பழத்தின் பசை கையிலே ஒட்டிக்கொள்வது போலப் பலகை பிள்ளையின் கண்ணிலே ஒட்டிக்கொள்ளும். கல்வி மட்டும் ஒட்டாது.

புதிரிலே உள்ள நன்மை

புதிர் தீர்ப்பதை நாம் பழிக்கவில்லை. பிள்ளைகளுக்குச் செய்நிரல் கற்பிக்க இதனினும் நல்ல வழியைக் காண்பது அரிது. 1967இல் அமெரிக்காவிலே சீமோர் பப்பேட், வாலி ஃபோயர்சைக், சிந்தியா சொலமன் ஆகியோர் லோகோ என்னும் மொழியைச் சிறுவருக்கென ஆக்கினர். பின்னர் அதிலே ஓர் ஆமை சேர்ந்தது. பிள்ளை இடும் கட்டளைப்படி ஆமை நடந்து கோடு கீறும். கணினி பிள்ளையை ஆட்டுவிக்கலாகாது, பிள்ளையே கணினியை ஆட்டுவித்தல் வேண்டும் என்பது பப்பேட்டின் கொள்கை. அந்த ஆமையின் வழித்தோன்றல்களே இன்றைய புதிர்கள். 2014இல் அப்பிள் நிறுவனம் சுவிஃப்ட் என்னும் செய்நிரல் மொழியை வெளியிட்டது. அதனைக் கற்பிப்பதற்கென 2016இல் ஐபாட் பலகைக்கு ஒரு புதிர்த் தொகுதியையும் இலவசமாக அளித்தது.

அத்தொகுதியின் தொடக்கப் பகுதியிலே அழகியதொரு பாடம் உண்டு. திரையிலுள்ள உருவத்துக்கு முன்னே நடக்கத் தெரியும். இடப்பக்கம் திரும்பத் தெரியும். வலப்பக்கம் திரும்பும் கட்டளை மட்டும் தரப்படவில்லை. பாதையோ வலப்பக்கம் வளைகின்றது. பிள்ளை என்ன செய்யும்? மூன்று முறை இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் பார்த்து நிற்கலாம் என்பதைத் தானே கண்டுபிடிக்கும். அடுத்து, அந்த மூன்று கட்டளைகளையும் ஒன்றாகக் கட்டி, அதற்கு ஒரு பெயரிட்டு, இல்லாதிருந்த கட்டளையைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். தரப்படாத ஒன்றைத் தரப்பட்டவற்றைக்கொண்டு ஆக்கிக்கொள்ளும் இந்த வித்தையே செய்நிரலாக்கத்தின் உயிர்நாடி. உரிமை மறுக்கப்பட்ட மக்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமும் இதுவே என்றால் மிகையாகாது.

ஆனால், கட்டிய கட்டளைக்குப் பெயரிடும் அந்தக் கணத்திலேதான் நமது பிள்ளை ஊமையாக்கப்படுகின்றது. பெயரிடுதல் என்பது பொருளை உணர்ந்தவன் செய்யும் காரியம். பொருள் தெரியாத பிறமொழிச் சொல்லை எழுத்துக்கு எழுத்துப் பார்த்தெழுதும் பிள்ளை பெயரிடவில்லை, மந்திரம் ஓதுகின்றது.

தடை இயந்திரத்திலா?

"என்ன செய்வது? கணினி ஆங்கிலத்திலே பிறந்தது, அதற்குத் தமிழ் தெரியாது" என்று கூறும் கற்றறிந்தோர் நம்மிடையே பலர். அவர்களுடைய அறிவுக்கு நாம் தலைவணங்குகின்றோம். அவர்களுடைய கூற்று உண்மைக்கு மாறானது என்பதையும் பணிவுடன் எடுத்துரைக்கின்றோம்.

உலக எழுத்துகளையெல்லாம் ஒரே வரிசையிலே அடக்கும் ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தது. தமிழ் அதிலேயே இடம்பெற்றிருந்தது. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன், 1980களிலேயே முரசு அஞ்சல் என்னும் மென்பொருளால் கணினியிலே தமிழ் எழுத வழிசெய்தவர். இன்று பலகையிலும் கைப்பேசியிலும் தமிழ் விசைப்பலகை இருக்கின்றது. 2008 டிசெம்பரில் வெளிவந்த பைதன் மொழியின் மூன்றாம் பதிப்பு, செய்நிரலிலே நாம் இடும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே ஏற்றுக்கொள்கின்றது. சுவிஃப்ட் மொழியும் அவ்வாறே. மூன்று இடத் திருப்பங்களைக் கட்டி "வலப்பக்கம்திரும்பு" என்று தமிழிலே பெயரிட்டால், இயந்திரம் முகஞ்சுளிப்பதில்லை. முறையே செய்து முடிக்கின்றது. தமிழைக் கண்டு முகஞ்சுளிப்பவர் மனிதரே!

இதற்கும் அப்பால் ஒருவர் சென்றார். முத்து அண்ணாமலை என்னும் பொறியியலாளர், கட்டளைச் சொற்களும் தமிழாகவே அமைந்த எழில் என்னும் செய்நிரல் மொழியை ஆக்கி, 2013இல் பொதுமக்கள் இலவசமாகப் பயன்படுத்த வெளியிட்டார். ஆங்கில வழி மொழிகளில் "ஆயின்" என்னும் பொருள் தரும் சொல் முதலில் வரும். நிபந்தனை பின்னர் வரும். எழிலிலோ தமிழின் இயல்புப்படி நிபந்தனை முன்னே வந்து, "ஆனால்" என்னும் சொல் பின்னே வருகின்றது. "முடி" என்று கட்டளை முடிகின்றது. ஆகவே, தமிழிலே சிந்திக்கும் பிள்ளை தமிழின் ஒழுங்கிலேயே இயந்திரத்துக்குக் கட்டளையிட முடியும் என்பது நாட்டப்பட்டுவிட்டது.

இது நமக்குப் புதிய அனுபவமுமன்று. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயிலே 1860களில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். அதற்கென நூல்களையும் தமிழாக்கினார். அந்நிய நாட்டிலிருந்து வந்த ஒருவர் தமிழ் கற்று, மனித உடலின் எலும்பையும் நரம்பையும் தமிழிலே விளக்க முடிந்ததென்றால், தமிழ்ப் பட்டதாரிகள் ஒரு சிறு உருவத்தை வலப்பக்கம் திருப்புவதைத் தமிழிலே விளக்க முடியாதோ?

சட்டம் என்ன சொல்கின்றது?

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 19ஆம் உறுப்புரையிலே சிங்களமும் தமிழும் தேசிய மொழிகள் என்கின்றது. 21ஆம் உறுப்புரை, தேசிய மொழிகளுள் எதன் மூலமாகவும் கல்வி பெறும் உரித்து ஒவ்வொருவருக்கும் உண்டு என்கின்றது. 12ஆம் உறுப்புரை, மொழி காரணமாக எந்தப் பிரசைக்கும் ஓரவஞ்சனை செய்யலாகாது என்கின்றது. எல்லோருக்கும் எல்லாப் படிகளிலும் கல்வியில் சமவாய்ப்பு என்பதை 27ஆம் உறுப்புரை அரசின் வழிகாட்டிக் கோட்பாடுகளுள் ஒன்றாக வைக்கின்றது. அக்கோட்பாடுகளை நீதிமன்றத்தில் வலியுறுத்த இயலாது என்று 29ஆம் உறுப்புரை கதவை அடைப்பதையும் நாம் அறிவோம். ஆயினும் 12ஆம் உறுப்புரையின் கதவு திறந்தே இருக்கின்றது.

தனியார் நிறுவனமொன்று தன் புதிரை எந்த மொழியில் வெளியிடுவது என்று நமது அரசியலமைப்பு கட்டளையிடுவதில்லை. அரசாங்கம் தன் பணத்திலே வாங்கித் தன் பாடசாலையிலே புகுத்தும் பலகைக்கும் பாடத்துக்கும் மேற்கூறிய உறுப்புரைகள் பொருந்தும். சாதாரண தரத்திலே பஸ்கால் மொழியும், உயர்தரத்திலே பைதன் மொழியும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் இடம்பெற்று வந்துள்ளன. பாடநூலைத் தமிழிலே அச்சிட்டுவிட்டோம் என்று அதிகாரிகள் கூறக்கூடும். செய்நிரலை நூலிலே படித்து யாரும் கற்றதில்லை. நீந்தும் முறையைக் கரையிலிருந்து படிப்பது போன்றது அது. பயிற்சி நடக்கும் இடம் திரை. அங்கே பிள்ளை செய்த பிழையை இயந்திரம் எடுத்துச் சொல்லும் மொழி ஆங்கிலமாயின், தமிழ்மொழிக் கல்வி என்பது முன்னட்டையில் மட்டுமே நிற்கின்றது.

இது சிறு விஷயம் என்று நகைப்போருக்கு ஒரு வழக்கை நினைவூட்டுவோம். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தின் பின், சிங்களத் தேர்ச்சியில்லை என்று சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்னும் எழுதுவினைஞர் நீதிமன்றம் சென்றார். மறுக்கப்பட்டது ஒரு சிறு தொகை. 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1969இல் இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் உயர் நீதிமன்றத்தின் முடிவைத் தள்ளி, வழக்கைத் திருப்பியனுப்பியது. ஒரு குடும்பஸ்தரின் சம்பளச் சீட்டிலே ஒரு மக்களினத்தின் மொழியுரிமை அடங்கியிருந்தது. பத்து வயதுச் சிறுமியின் புதிர்ப் பலகையிலும் அதுவே அடங்கியிருக்கின்றது.

மூன்று ஆட்சேபங்கள்

நமது கோரிக்கைக்கு எதிராக மூன்று ஆட்சேபங்கள் எழுப்பப்படுகின்றன. ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது: "ஆங்கிலம் தெரியாமல் உலகிலே தொழில் பெற முடியுமா? தமிழிலே கற்பித்துப் பிள்ளைகளைக் கிணற்றுத் தவளைகளாக்கப் போகிறீர்களா?" ஆங்கிலம் வேண்டாமென்று நாம் எங்கே சொன்னோம்? நறுவிலிக்குளத்துப் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்குக் கிடைக்கும் அதே ஆங்கிலம் கிடைத்தல் வேண்டும். ஆனால் சிந்தனை முறையைக் கற்பதும் அந்நிய மொழியைக் கற்பதும் இரு வேறு பாரங்கள். இரண்டையும் ஒரே நாளில் ஒரே தலையிலே ஏற்றினால், பிள்ளை இரண்டையும் போட்டுவிட்டு ஓடும். ஏறக்குறைய முப்பது கட்டளைச் சொற்களை ஆங்கிலத்தில் அறிந்துகொள்வது பாரமன்று. அவற்றின் கருத்தையும் காரணத்தையும் தாய்மொழியிலே விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு அது ஒரு வாரத்து வேலை.

இரண்டாவது: "செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, கேட்டால் செய்நிரலை அதுவே எழுதித் தருகின்றது, இனிப் பிள்ளைகள் கற்பானேன்?" 2022 நவம்பரில் சற்ஜிபிரி வெளிவந்த பின்னர் இந்தக் கேள்வி எங்கும் ஒலிக்கின்றது. வழக்கறிஞன் என்ற முறையிலே இதற்கு ஒரு மறுமொழி உண்டு. காணி உறுதியை நொத்தாரிசு எழுதித் தருகின்றார் என்பதற்காக, அதைப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை என்று எந்தக் கமக்காரராவது சொல்வாரா? எழுதப்பட்டதை வாசிக்க இயலாமல் கைநாட்டு வைத்து, வயலை இழந்த குடும்பங்களின் கதை நமது கிராமங்கள் அறியாததா? இயந்திரம் எழுதித் தருவதைப் படித்து, பிழை கண்டு, திருத்தச் சொல்லும் வல்லமை இல்லாதவன் இனிவரும் காலத்துக் கைநாட்டுக்காரன். எழுதுவது எளிதாக ஆக, வாசித்து விளங்கும் அறிவின் பெறுமதி கூடுமேயன்றிக் குறையாது.

மூன்றாவது: "வயிற்றுக்குச் சோறும் வீட்டுக்கு மின்சாரமும் முதலில், புதிர் பிறகு." இந்த ஆட்சேபத்திலே நியாயம் உண்டு, ஏழையின் வாயிலிருந்து வரும்போது அதற்கு நாம் தலைவணங்குவோம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை எவர் மறந்தார்? 2021இல், இணையச் சமிக்ஞை தேடிப் பிள்ளைகளும் ஆசிரியரும் காட்டினூடே மலையுச்சிக்கு ஏறிய பதுளை மாவட்டத்து பொகிட்டியாவ கிராமத்தை உலகப் பத்திரிகைகள் படம் பிடித்துக் காட்டின. ஏழைச் சிங்களப் பிள்ளைக்கும் ஏழைத் தமிழ்ப் பிள்ளைக்கும் இந்தத் துயர் பொதுவானது. ஆனால் மன்னார்த் தீவின் காற்றாலைகள் முப்பதும் 2020 முதல் நாட்டின் மின்வலையமைப்புக்கு ஏறக்குறைய 100 மெகாவாற் வலுவைத் தரும் ஆற்றலுடன் சுழலுகையிலே, "உங்களுக்கு மின்சாரம் முதலில், கல்வி பிறகு" என்று இம்மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு உபதேசிக்க யாருக்கும் உரிமையில்லை. இரண்டையும் ஒருங்கே கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பொருளைக் கொடுத்தவரும் கல்வியைக் கொடுத்தவரும்

2016 நவம்பரில் பாராளுமன்றத்திலே சமர்ப்பிக்கப்பட்ட 2017ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம், உயர்தர மாணவருக்கும் ஆசிரியருக்கும் பலகைக் கணினி வழங்கப்படும் என்று அறிவித்தது. பின்னர் ஆட்சியாளரிடையே பூசல் மூண்டது, திட்டம் இழுபட்டது, அறிவித்த அளவிலே அது நிறைவேறவில்லை. யார் வாங்குவது, எவ்வளவுக்கு வாங்குவது, எப்போது கொடுப்பது என்று வாதம் நடந்தது. கொடுத்த பின் பிள்ளை அதில் என்ன எழுதும், எந்த மொழியில் எழுதும் என்ற கேள்வி அந்த ஆரவாரத்திலே அமுங்கிப்போயிற்று.

பொருளைக் கொடுத்தால் கல்வி தானே வரும் என்று நம்பிய நாடு பெரு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளை அது வழங்கியது. அமெரிக்க நாடுகளுக்கிடையிலான அபிவிருத்தி வங்கி ஆய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவின்படி, கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகள் உயர்ந்தமைக்குச் சான்று கிட்டவில்லை.

மாற்று வழியைக் காணத் தூரதேசம் போகவேண்டியதில்லை. கேரள மாநிலம் 2001இல் பாடசாலைகளுக்கான தகவல் தொழினுட்பத் திட்டத்தைத் தொடங்கியது. கட்டணமின்றி எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருளை அடிப்படையாக வைத்தது, ஆசிரியரைப் பயிற்றியது, மலையாளத்திலே பாடநூல் ஆக்கியது. 2017இல் அதற்கென அரச நிறுவனமொன்றையே அமைத்தது. 2018இல் பாடசாலைகளிலே மாணவர் கழகங்களைத் தொடங்கியது. அரசு மாறியபோதும் திட்டம் மாறவில்லை. மலையாளத்துக்கு இயன்றது தமிழுக்கு இயலாது என்று சொல்ல எந்தத் தமிழனுக்காவது நா எழுமா?

நம்மவரையும் விட்டுவைப்பதற்கில்லை. தேர்தல் நெருங்குகையிலே பலகைக் கணினியுடன் கிராமத்துக்கு வந்து, தம் படம் ஒட்டிய பெட்டியைப் பிள்ளையின் கையிலே திணித்து, அடுத்த தேர்தல் வரை திரும்பிப் பாராத தமிழ்த் தலைவர்களை நாம் கண்டிருக்கின்றோம். அவர்கள் கொழும்பைக் குறைகூறும் குரல் உரத்தது. வட மாகாணத்துப் பாடசாலைகளிலே ஒரு தமிழ்ப் புதிர்நூலையாவது ஆக்குவித்தோம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் இல்லை. 2013இல் தெரிவான வட மாகாண சபைக்கு 2018 ஒக்ரோபர் வரை ஐந்து ஆண்டுகள் இருந்தன. கல்வி மாகாணத்துக்குப் பகிரப்பட்ட விடயமல்லவா? அந்த ஐந்து ஆண்டுகளிலே தீர்மானங்கள் நிறைவேறின; தமிழிலே செய்நிரல் கற்பிக்கும் ஒரு திட்டம் வேரூன்றவில்லை.

நாம் கேட்பது

ஆகவே, நமது கோரிக்கைகளைத் தெளிவாக முன்வைப்போம்.

ஒன்று: அரச பாடசாலைகளில் பயன்படுத்தப்படும் ஒவ்வொரு செய்நிரல் புதிரும், அதன் விளக்கமும், பிழைச் செய்தியும் தமிழிலே கிடைக்கச் செய்தல் தேசிய கல்வி நிறுவகத்தின் கடமை. கிடைக்காத இடத்திலே, பெற்றோரும் ஆசிரியரும் 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுத்திலே முறையிடுவார்களாக. முறைப்பாட்டை எழுதித் தர இப்பகுதிச் சட்டத்தரணிகள் கூலி கேட்கலாகாது.

இரண்டு: தனித்தனிக் கைக்குப் பலகை கொடுக்கும் தானத்தை நிறுத்தி, பாடசாலையிலே ஓர் அறையை ஒதுக்கி, இரு பிள்ளைக்கு ஒரு பலகை வைத்து, மாலையிலும் அதைத் திறந்து வைத்தல் வேண்டும். இருவர் சேர்ந்து புதிர் தீர்க்கையிலே வாய் திறந்து தமிழிலே வாதிடுவர். அந்த வாதமே கல்வி.

மூன்று: கொடுத்த பலகைகளின் தொகையை அறிக்கையிடும் வழக்கம் ஒழிந்து, பிள்ளைகள் தாமாக எழுதி இயக்கிக் காட்டிய செய்நிரல்களின் தொகை அறிக்கையிடப்படுதல் வேண்டும்.

நான்கு: புதிர்கள் நமது மண்ணிலிருந்து எழுதல் வேண்டும். அருவியாற்றின் நீர் தேக்கத்திலே மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக்குளம் சேர்ந்து, துருசுகளும் வாய்க்கால்களும் வழியே நானாட்டான் வயல்களுக்குப் பாய்கின்றது. நீர்மட்டம் இவ்வளவு ஆனால் எந்தத் துருசைத் திறப்பது, எத்தனை நாள் திறப்பது, கடைவாய்க்காற் கமக்காரனுக்கும் பங்கு கிடைக்க எந்த ஒழுங்கிலே முறை வைப்பது என்பவற்றைச் சிறுபோகக் கூட்டத்திலே நமது பெரியோர் ஏட்டுப் படிப்பின்றியே தீர்த்து வந்தனர். நிபந்தனை, ஒழுங்கு, மீள்செயல் ஆகிய மூன்றும் செய்நிரலின் இலக்கணம். அவை மூன்றும் அந்தக் கூட்டத்திலே இருக்கின்றன. வள்ளத்து மீனை விற்று, எரிபொருட் செலவைக் கழித்து, ஆளுக்கு ஆள் பங்கு பிரிக்கும் கணக்கும் அவ்வாறே. திரையிலே அந்நிய மணியைப் பொறுக்கும் பிள்ளை, தன் தகப்பனின் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறையைச் செய்நிரலாக எழுதட்டும். அப்போது அது விளையாட்டைக் கடந்து வித்தையாகும்.

கற்றறிந்த அன்பர்களே! பொறியியலாளராகவும் கணக்காளராகவும் ஆசிரியராகவும் நாட்டிலும் வெளிநாட்டிலும் உயர்ந்து நிற்கும் உங்களிடம் பணம் கேட்கவில்லை. கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் கேட்கின்றோம். ஒரு புதிரின் விளக்கத்தைத் தமிழாக்குங்கள். ஓர் ஊரின் பிள்ளைகளுக்குத் தொலைவிலிருந்தேனும் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் அனுப்பும் பலகை மூன்றாண்டிலே பழுதாகும். நீங்கள் தமிழாக்கிய பாடம் முப்பதாண்டு நிற்கும்.

கமக்காரப் பெருமக்களே! உங்கள் பிள்ளை பலகையை வைத்திருக்கும்போது, "என்ன விளையாடுகிறாய்?" என்று கேளாதீர்கள், "இன்று நீ என்ன கட்டளை எழுதினாய்? எனக்கு விளங்கத் தமிழிலே சொல்" என்று கேளுங்கள். பிள்ளைக்குச் சொல்ல முடிந்தால் அது கற்கின்றது. சொல்ல முடியாவிட்டால், பெற்றோர் கூட்டத்திலே எழுந்து நின்று அதிபரைக் கேளுங்கள். அதிபர் வலயத்தைக் கேட்கட்டும். வலயம் மாகாணத்தைக் கேட்கட்டும். மாகாணம் மகரகமவைக் கேட்கட்டும். வாக்குக் கேட்டு வருபவரையும் இதே கேள்வியால் மறியுங்கள்.

நமது பிள்ளைகளை விளையாடத் தெரிந்தோர் கணக்கிலே எழுதி மூடிவிட இனி இடங்கொடோம். கட்டளையிடத் தெரிந்தோர் கணக்கு ஒன்று திறக்கப்படட்டும். அதன் முதற் பெயர் நறுவிலிக்குளத்திலிருந்து, தமிழிலே எழுதப்படட்டும்!